விளக்கின் எண்ணெயில் மிதந்த மரம்

போன ஆண்டு நவம்பரில் அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து, கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் எங்களுடன் ஐந்து மாதம் தங்கியிருந்தார். எங்கள் வீட்டில் சாமி படங்கள் சமையலறையை ஒட்டிய சின்ன அலமாரியில் இருக்கின்றன. வந்த மறுநாளே அம்மா அங்கே ஒரு பித்தளை அகல் வைத்து, நல்லெண்ணெய் ஊற்றி, மாலைதோறும் ஏற்றத் தொடங்கினார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ என்னைக் கூப்பிட்டு அகலைக் கையில் கொடுத்தார்.

"என்னய்யா இது? பால் மாதிரி எண்ணெயிலும் ஆடை கட்டுமா?"

எண்ணெயின் மேல் மெல்லிய பழுப்பு நிறப் படலம் கிடந்தது. திரியின் ஓரத்தில் அது ஒதுங்கிச் சுருங்கியிருந்தது. விரலால் தொட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். முதலில் சந்தனம் போல வழவழப்பு. அழுத்தித் தேய்த்தால் அடியில் ஒரு மெல்லிய நறநறப்பு. மூக்கருகே கொண்டுபோனேன். எள் வாசனையைத் தாண்டிக்கொண்டு ஒரு கசந்த மணம் வந்தது. கறுப்பு வால்நட். அந்த வாரம் முழுவதும் நான் கீழே கடைந்துகொண்டிருந்த மரம்.

மரத்தை லேத்தில் சுழலவிட்டு உளியால் கிண்ணம் கடைகிற என் கடைசல் பட்டறை இருப்பது நிலவறையில். அதற்கும் அந்த அலமாரிக்கும் நடுவே 13 படிகளும் இரண்டு கதவுகளும் இருக்கின்றன. வேலை முடிந்ததும் பெருக்குவேன், உடைகளை உதறுவேன், பிறகுதான் மேலே வருவேன். எட்டு ஆண்டுகளாகத் தூசியைக் கட்டுக்குள் வைத்திருப்பதாகவே நம்பியிருந்தேன். எங்கள் சின்ன மகளுக்குக் குளிர்காலம் வந்தால் வறட்டு இருமல் வரும். அதற்கும் என் பட்டறைக்கும் தொடர்பு உண்டு என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்த அகலைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எண்ணெயில் படிந்தது எங்கள் ஐந்து பேரின் மூச்சிலும் போயிருக்கும்.

கடைசல் செய்கிறவர்களுக்குச் சீவல்மேல் ஒரு பிரியம் உண்டு. எனக்கும் உண்டு. டொராண்டோவில் 2007-இல் மரகதப் பச்சை நிற வண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஆஷ் மரங்களின் பட்டைக்கு அடியில் குடைந்து அவற்றைக் கொல்லும் பூச்சி அது. அதற்குப் பிறகு தெருத்தெருவாக ஆஷ் மரங்களை வெட்டி வீழ்த்தினார்கள். சாலையோரம் கிடந்த ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வந்ததில்தான் என் கடைசல் பைத்தியம் ஆரம்பித்தது. பச்சை மரத்தை லேத்தில் ஏற்றி, தீட்டிய உளியைச் சரியான சாய்வில் வைத்துவிட்டால், சீவல் நாடாவாகப் பறந்து வரும். தோளைத் தாண்டி விழும், கையில் சுற்றிக்கொள்ளும், கண்ணாடிமேல் ஈரமாக ஒட்டும். ஒரு பெரிய கிண்ணம் கடைந்து முடிப்பதற்குள் முழங்கால் உயரம் சேர்ந்துவிடும். மேப்பிள் சீவலை அள்ளி முகர்ந்தால் இனிப்பாக இருக்கும்.

இந்தக் குவியலைப் பார்க்கிற எவரும் "எவ்வளவு தூசி!" என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, இருந்த பணத்தையும் நேரத்தையும் சீவலைப் பிடிப்பதற்கே செலவழித்தேன். லேத்துக்குப் பின்னால், தூள் உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயோடு இணைத்து, பெரிய வாயுள்ள ஒரு கூண்டு வைத்தேன். சீவல் அதற்குள் போகவில்லை. அது எங்கே போகும் என்பதை உளியின் கோணம்தான் தீர்மானிக்கிறது. போன கொஞ்சமும் குழாயின் வளைவில் சிக்கி, பறவைக்கூடு மாதிரி அடைத்துக்கொண்டது. ஒரு குளிர்காலம் முழுவதும் அந்தக் குழாயைக் கழற்றிக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தேன்.

ஈரச் சீவல் விழுந்த இடத்தில் கிடக்கிறது. அதைப் பெருக்கி அள்ளினால் போதும். கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிதாக இருக்கிற எதுவும் நுரையீரலின் அடிவரை போவதில்லை. ஆபத்து கிண்ணம் காய்ந்த பிறகு, உப்புத்தாளைக் கையில் எடுக்கிற நிமிடத்தில் ஆரம்பிக்கிறது.

அகல் சம்பவத்துக்கு மறுநாள் ஒரு சோதனை செய்தேன். செலவில்லாதது, யாரும் செய்து பார்க்கலாம். காய்ந்த வால்நட் கிண்ணம் ஒன்றைப் பத்து நிமிடம் உப்புத்தாளால் தேய்த்தேன். லேத்தை நிறுத்திவிட்டு எல்லா விளக்குகளையும் அணைத்தேன். ஒரு டார்ச்சை மட்டும் போட்டு, ஒளிக்கற்றை பக்கவாட்டில் தெரியும்படி நின்றேன். ஓட்டு வீட்டில் கண்ணாடி ஓடு வழியாக வெயில் இறங்கும்போது துகள்கள் மிதப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறோமே, அதேபோல, ஆனால் பல மடங்கு நெருக்கமாக. புகை மாதிரி இருந்தது. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன், இருந்தது. சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தேன், சற்றே மெலிந்து, அப்போதும் இருந்தது.

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். 100 மைக்ரான் அளவுள்ள தூள், மனிதனின் தலை உயரத்திலிருந்து சில நொடிகளில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் துகளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். 1 மைக்ரான் துகள், அசையாத காற்றில்கூட, இரண்டு மீட்டர் இறங்கப் பாதி நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். காற்று அசையாமல் இருக்கிற நிலவறை எங்கே இருக்கிறது? வீட்டுக்குச் சூடான காற்று ஊதும் ஃபர்னஸ் ஓடுகிறது, ஆள் நடக்கிறான், கதவு திறக்கிறது. ஆகவே மிகச் சிறிய துகள் இறங்குவதே இல்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். மூக்கின் மயிரிலும் சளியிலும் சிக்காமல், நுரையீரலின் காற்றுப் பைகள்வரை போவதும் இந்த அளவுத் துகள்தான். நான் விளக்குமாற்றால் பெருக்கிய ஒவ்வொரு முறையும், தரைக்கு வந்துசேர்ந்ததை மறுபடியும் காற்றில் ஏற்றிவிட்டிருக்கிறேன்.

மரத்தூள்தானே, இயற்கையானதுதானே என்று சொல்கிற நண்பர்களுக்கு நான் ஹை விக்கம் ஊரின் கதையைச் சொல்வேன். இங்கிலாந்தில் பக்கிங்காம்ஷயரில் இருக்கிறது. நாற்காலிகளுக்குப் பெயர்போன ஊர். 1960களில் அங்கே காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மே ஹாட்ஃபீல்ட், மூக்கின் உட்குழிவில் வரும் மிக அரிதான ஒரு புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளர்களிடம் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். டொனால்ட் அச்சிசன் முதலானோருடன் சேர்ந்து அதை ஆராய்ந்து 1968-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். 1995-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பிலேயே சேர்த்தது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் அதே வகுப்பு.

அவர்கள் பல ஆண்டுகள், நாள் முழுவதும் தூளுக்குள் நின்றவர்கள். வாரம் இரண்டு மாலை கடைகிற எனக்கு அதே அளவு ஆபத்து என்று சொல்லி யாரையும் பயமுறுத்த மாட்டேன். ஆனால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. கனடாவின் மேற்குக் கரையில் விளையும் சிவப்பு சீடர் மரத்தில் பிளிகாட்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. அந்த மரத்தூளால் ஆஸ்துமா வந்த ஆலைத் தொழிலாளர்கள் நிறையப் பேர். மற்ற மரத்தூளுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 1 மில்லிகிராம் என்று வரம்பு சொல்லும் அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் அமைப்பு, இந்த ஒரு மரத்துக்கு மட்டும் அதையும் பாதியாக்கி 0.5 என்கிறது.

ஹை விக்கம் பற்றிப் படித்தபோது இன்னொன்றும் என் மனத்தில் நின்றது. அந்த ஊரைச் சுற்றியுள்ள சில்டர்ன் மலைக்காடுகளில் நாற்காலிக் கால்களை மட்டும் கடைகிறவர்கள் இருந்தார்கள். பீச் மரத்தை வெட்டிய இடத்திலேயே, வளையும் ஒரு கழியைக் கயிற்றால் மிதிகட்டையோடு இணைத்த லேத்தில், ஈரம் காயாத பச்சை மரத்தைக் கடைந்தார்கள். திறந்த வெளி, ஈர மரம், கூரான உளி. அங்கே மூச்சில் ஏறத் தூளே இல்லை. அதே பீச் மரம் உலர்ந்து ஊருக்குள் வந்து, கூரைக்கும் சுவருக்கும் நடுவே இயந்திரத்தில் அறுபட்டுத் தேய்ந்தபோதுதான் அது நஞ்சானது.

எங்கள் ஊரில் செப்புச் சாமான் கடைகிற ஒருவரின் பட்டறை வாசலில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நின்றிருக்கிறேன். தரையில் உட்கார்ந்து கடைவார். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டிலேயே அது உருகி நிறமாகப் பிடிக்கும். பிறகு ஒரு தாழை மடலை மடித்து வைத்துத் தேய்ப்பார். முகம் பார்க்கிற மாதிரி மெருகு ஏறும். அவரைச் சுற்றிச் சீவல் கிடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தூள் பறந்ததாக நினைவில்லை. பட்டறைக்கு மூன்று பக்கமும் சுவர் கிடையாது.

நான் இருப்பதோ நாலு பக்கமும் கான்கிரீட், மேலே ஏழடிக்கும் குறைந்த உயரத்தில் கூரை. ஜனவரியில் ஜன்னல் மட்டத்துக்குப் பனி கிடக்கும். ஆகவே எனக்கு வேறு வழிகள் தேவைப்பட்டன.

முதலில், தூள் மேலே போன வழி. பட்டறையில் காற்றை உள்ளே இழுக்கும் துவாரம் எதுவும் இல்லை, பிறகு எப்படி? அம்மாவின் ஊதுபத்தி ஒன்றை ஏற்றிக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தபடி அங்குலம் அங்குலமாக நடந்தேன். பழைய வீடுகளில், வீட்டுக் காற்றை ஃபர்னஸுக்குத் திருப்பிக் கொண்டுவரத் தனிக்குழாய் போடாமல், இரண்டு உத்தரக் கட்டைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியின் அடியில் தகரத்தை அடித்து அதையே குழாயாக்கியிருப்பார்கள். ஃபர்னஸ் ஓடும்போது அந்த இடைவெளி உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தகரம் கட்டையோடு சேரும் விளிம்பருகே கொண்டுபோனதும், நேராக மேலே போய்க்கொண்டிருந்த புகை திடீரென்று மடங்கி, ஒரு நூல் போல அந்த விரிசலுக்குள் இழுபட்டுப் போனது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அன்றைக்கு எண்ணியதில் 11 இடங்கள். என் லேத்துக்கு நேர் மேலே மூன்று. தூள் அந்த வழியே ஏறி, ஃபர்னஸ் வடிகட்டியில் சிக்கியது போக மீதி வீடு முழுவதும் சூடான காற்றோடு பரவியிருக்கிறது. சாமி அலமாரிக்குக் கீழேயே ஒரு வெந்நீர்க் கெண்டி போலச் சூடு ஊதும் துவாரம் இருப்பது அப்போதுதான் உறைத்தது.

விரிசல்களை அலுமினிய ஒட்டுநாடாவால் அடைத்தேன். துணி நாடா வேண்டாம். சூட்டில் ஓரிரு ஆண்டில் பசை உலர்ந்து உரிந்துவிடும். பட்டறைக்குள் சூடான காற்றை ஊதிய துவாரத்தையும் மூடினேன். அது அறையை அழுத்தத்தில் வைத்து, தூளைக் கதவிடுக்கு வழியே வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினேன். ஃபர்னஸ் வடிகட்டியையும் நல்லதாக மாற்றினேன். இவ்வளவுக்கும் ஒரு சனிக்கிழமை போதுமானதாக இருந்தது. ஒரு இயந்திரமும் வாங்கவில்லை.

அடுத்துச் செய்யவிருந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. ஜன்னலில் பலமான ஒரு விசிறியை வைத்து, தூள் காற்றை வெளியே தள்ளிவிடலாம் என்று திட்டமிட்டேன். கோடையில் திறந்த கொட்டகையில் அது மிகச் சரியான வழி. நிலவறையில் நிலைமை வேறு. என் பட்டறைக்கு அடுத்த தடுப்பில் எரிவாயு வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. அதன் புகை, தன் சூட்டால் தானே மேலேறிப் புகைபோக்கி வழியாக வெளியேற வேண்டும்; தள்ளிவிட விசிறி கிடையாது. விசிறியைத் தற்காலிகமாக ஜன்னலில் பொருத்திவிட்டு, ஹீட்டர் எரியும்போது அதன் தலைப்பில் புகைக்குழாய் ஆரம்பிக்கும் இடைவெளி அருகே ஊதுபத்தியைப் பிடித்தேன். விசிறி நின்றிருந்தபோது புகை உள்ளே இழுபட்டு மேலே போனது. விசிறியைப் போட்டேன். அரை நிமிடத்துக்குள் புகை தயங்கி, திரும்பி, என் முகத்தில் வந்து வீசியது.

விசிறி வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாக வீடு வேறெங்கிருந்தாவது காற்றை இழுத்தாக வேண்டும். அடைத்துக் கட்டிய வீட்டில் அது புகைபோக்கி வழியாக இழுக்கிறது. ஹீட்டரின் எரிபுகை, அதிலுள்ள கார்பன் மோனாக்சைடோடு, வீட்டுக்குள் திரும்புகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மேலே மூன்று தலைமுறை தூங்கிக்கொண்டிருக்கிறது. விசிறியை அன்றே கழற்றினேன். தூள் உறிஞ்சியின் குழாயை வெளியே விடுகிறவர்களும் இதே ஆபத்தைத்தான் வரவழைக்கிறார்கள். நிலவறையில் எரிவாயு ஹீட்டரோ ஃபர்னஸோ இருந்தால், எதையும் வெளியே ஊதுவதற்கு முன் ஒரு ஊதுபத்தியை ஏற்றிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் எரிவாயுத் தொழில்நுட்பரைக் கூப்பிடுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி நிலவறையிலும் படுக்கையறைகளுக்கு அருகிலும் இருக்கட்டும்.

வெளியே தள்ள முடியாது என்றால் உள்ளேயே பிடித்து வடிகட்ட வேண்டும். இங்கேதான் நான் முதலில் வாங்கிய தூள் உறிஞ்சியின் குறை புரிந்தது. துணிப்பை வைத்த மலிவான வகை. அந்தப் பை 30 மைக்ரான்வரை பிடிக்கும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அதைவிடச் சிறியது எல்லாம் துணியின் கண்கள் வழியாக அறைக்குள் திரும்பி வரும். சீவலை உள்ளே வைத்துக்கொண்டு, நுண்தூளை மட்டும் சலித்து என் தலைக்கு மேல் தூவிக்கொண்டிருந்த இயந்திரம் அது. பையை எடுத்துவிட்டு, 1 மைக்ரான் வரை பிடிக்கும் மடிப்பு வடிகட்டி பொருத்தினேன். 4 அங்குலக் குழாயை 6 அங்குலமாக மாற்றினேன். இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். வாயின் பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல் கூடுகிறது.

குழாயின் வாயை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மெழுகுவத்தியைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு ஊதினால் அணைந்துவிடும். அதே தூரத்திலிருந்து மூச்சை உள்ளே இழுத்து அணைத்துப் பாருங்கள். சுடர் அசையக்கூட அசையாது. ஊதும் காற்று ஒரு திசையில் போகிறது, உறிஞ்சும் காற்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. குழாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப்போனாலே, இழுப்பு வேகம் வாயில் இருந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே உப்புத்தாள் மரத்தைத் தொடும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வாய் இருக்க வேண்டும். நான் குழாயை அசைத்து நிறுத்தக்கூடிய ஒரு தாங்கியில் வைத்திருக்கிறேன். உளி வேலை நடக்கும்போது அதைத் தள்ளி வைத்துவிடுவேன், சீவல் தன்பாட்டில் விழட்டும். உப்புத்தாள் எடுக்கும்போது மட்டும் கிட்டே இழுத்துக்கொள்வேன். லேத்தின் வேகத்தையும் அப்போது பாதிக்குக் குறைப்பேன். வேகமாகச் சுற்றினால் தூள், வாய் பிடிப்பதற்குள் தப்பிவிடுகிறது.

அப்படியும் தப்புவதற்கு ஒரு பெட்டி. 2020-இல், பெருந்தொற்றுக் காலத்தில், ரிச்சர்ட் கோர்சி என்ற பொறியியல் பேராசிரியரும் வடிகட்டி நிறுவனம் நடத்திய ஜிம் ரோசென்தாலும் எளிய ஒரு காற்றுச் சுத்திகரிப்பானைப் பரப்பினார்கள். சதுர விசிறி ஒன்று, அதன் கீழே பெட்டியாக நிறுத்திய, நுண்துகளையும் பிடிக்கும் மெர்வ் 13 தர ஃபர்னஸ் வடிகட்டிகள் நாலைந்து, சுற்றி ஒட்டுநாடா, அவ்வளவுதான். கிருமிக்காக வந்தது மரத்தூளுக்கும் உதவுகிறது. லேத்தின் எதிர் மூலையில் வைத்து, வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் ஓட விடுகிறேன். வடிகட்டியை மாதம் ஒரு முறை வெளியே கொண்டுபோய், முகக்கவசம் போட்டுக்கொண்டு தட்டுகிறேன். முன்பு இரண்டு மணி நேரம் கழித்தும் டார்ச் வெளிச்சத்தில் மிதந்தது, இப்போது இருபது நிமிடத்தில் கிட்டத்தட்டக் காணாமல் போகிறது. ஆனால் இந்தப் பெட்டி இருக்கிறதே என்று முகக்கவசத்தை விட்டுவிடக் கூடாது. தூள் என் மூக்கைக் கடந்த பிறகுதான் பெட்டிக்குப் போய்ச் சேர்கிறது.

முகக்கவசம் பற்றி ஒரே ஒரு விஷயம். லேத் நின்றதும் அதைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கிண்ணத்தைத் திருப்பித் திருப்பி ரசிப்பது எல்லாரும் செய்வது. நுண்தூள் அறையில் மிக அடர்த்தியாக இருப்பதே அந்த நேரத்தில்தான். இப்போது படியேறி, கதவைச் சாத்திய பிறகே கழற்றுகிறேன். பதினைந்து ஆண்டு வளர்த்த தாடியையும் எடுத்தேன். ரப்பர் விளிம்பு தோலில் படியாவிட்டால் எவ்வளவு உயர்ந்த கவசமும் பயனில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் கற்றுக்கொண்டது உளி தீட்டுவதை. முன்பெல்லாம் மிகவும் சொரசொரப்பான 80-ஆம் எண் உப்புத்தாளில் ஆரம்பிப்பேன். மழுங்கிய உளி கிழித்த நாரை, கடினமான உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யும் சோம்பல் அது. என் பட்டறைத் தூளில் பெரும் பங்கு அந்த முதல் தாளிலிருந்தே வந்தது. இப்போது கடைசி இழுப்புக்கு முன் உளியைப் புதிதாகத் தீட்டுகிறேன். வாயைச் சாய்த்துப் பிடித்து, மரத்தை வெட்டாமல் மழிப்பது போல மெல்ல இழுத்தால், பருத்தி மாதிரி மெல்லிய சுருள் வரும். அதன் பிறகு இன்னும் நைசான 180-ஆம் எண் தாளில் ஆரம்பித்தால் போதும். எண்ணெய் பூசும் கிண்ணமாக இருந்தால் எண்ணெயைத் தடவிவிட்டே தேய்க்கிறேன். தூள் பறக்காமல் குழம்பாகச் சேர்ந்துவிடுகிறது. தாழை மடல்காரர் சீவலோடு நிறுத்திக்கொண்டது எப்படி என்று இப்போது ஓரளவு விளங்குகிறது.

அந்தக் குழம்பைத் துடைத்த துணியை மட்டும் சுருட்டி எறிந்துவிடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடாகிறது. கசங்கிக் கிடக்கும் துணியில் அந்தச் சூடு வெளியேற முடியாமல் ஏறி ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்து, மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். மரப்பலகைகளைத் துடைத்துவிட்டு அப்படியே போட்டிருந்த எண்ணெய்த் துணிகளில் ஆரம்பித்த தீ அது. என் பட்டறையில் துணிக்குப் பக்கத்திலேயே காய்ந்த சீவல் குவியலும் இருக்கிறது. ஆகவே துணியை வேலியில் விரித்துக் காயப்போடுகிறேன். குளிர்காலத்தில் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடி வைத்து, வீட்டுக்கு வெளியே வைக்கிறேன். உளி தீட்டும் சாணைச் சக்கரத்தையும் லேத்திலிருந்து எட்டு அடி தள்ளி மாற்றினேன். அதன் பொறி நுண்தூளில் விழுந்தால் புகையாமல், தெரியாமல், மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மிதக்கும் தூள் என்ன செய்யும் என்பதை 2012-இல் பிரிட்டிஷ் கொலம்பியா பார்த்தது. பர்ன்ஸ் லேக்கிலும் பிரின்ஸ் ஜார்ஜிலும் மூன்று மாத இடைவெளியில் இரண்டு மர ஆலைகள் வெடித்துச் சிதறின. ஆலைக்கு இருவராக நாலு பேர் இறந்தார்கள். வண்டரித்துக் காய்ந்துபோன பைன் மரத்தின் நுண்தூள் அங்கே சேர்ந்திருந்தது. வீட்டுப் பட்டறையில் அவ்வளவு தூள் காற்றில் நிற்காது. ஆனாலும் ஹீட்டரின் சுடர் எரியும் தடுப்புக்குள் தூள் படியவே விடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை அங்கே ஈரத்துணியால் துடைக்கிறேன்.

சீவல் போகும் இடம் இனிமையான விஷயம். மேப்பிளும் ஆஷும் அடுத்த தெருவில் ஒரு பாட்டியின் தோட்டத்துக்குப் போகின்றன. ரோஜாச் செடிகளுக்கு அடியில் மேலாகப் பரப்பி வைத்திருக்கிறார். மண்ணோடு கலக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மரம் மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். வால்நட்டை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை. அதிலுள்ள ஜக்லோன் என்ற வேதிப்பொருள் தக்காளிச் செடியை வாட்டிவிடும். குதிரை லாயத்தில் வால்நட் சீவலைப் பரப்பினால், அதில் நின்ற குதிரைகளுக்கு ஒரே நாளில் குளம்பில் அழற்சி வந்து கால் வீங்கிவிடும். ஒரு முறை, குதிரை வளர்க்கும் நண்பர் ஒருவர் நான்கு மூட்டைகளை வண்டியில் ஏற்றிய பிறகு இது நினைவுக்கு வந்து, ஓடிப்போய்த் திரும்ப இறக்கினேன். அன்றிலிருந்து வால்நட் மூட்டையில் சிவப்புக் கயிறு கட்டுகிறேன். ஈரச் சீவலை நிலவறையில் ஒரு நாளுக்கு மேல் வைப்பதும் இல்லை. மூட்டைக்குள் கை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். நாலாம் நாள் பூசணம் மணக்கும். பிறகு அதன் வித்துகளையும் சேர்த்து மூச்சிழுக்க வேண்டியதுதான்.

ஏப்ரலில் அம்மா ஊருக்குத் திரும்பினார். புறப்படும்போது அகலை அலமாரியிலேயே விட்டுப்போனார். அதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் புது எண்ணெய் ஊற்றி, ஏற்றாமல் ஒரு வாரம் வைத்திருந்து, அடுத்த ஞாயிறு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறேன். கோடை முழுவதும் எண்ணெய் தெளிவாகவே இருந்தது. போன வாரம் ஒரு வால்நட் தாம்பாளம் கடைந்தேன். இன்று காலை பார்த்தபோது, படலம் இல்லை. ஆனால் விளிம்போரம் ஏழெட்டுப் புள்ளிகள் ஒதுங்கியிருந்தன. ஃபர்னஸை ஓட விட்டு, ஊதுபத்தியோடு கீழே போனேன். சமையலறைத் தொட்டியின் கழிவுநீர்க் குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகிற இடத்தில், குழாயைச் சுற்றிச் சுண்டுவிரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி. புகை அதற்குள் வேகமாக ஏறிப் போனது. அடைக்கும் பசை வாங்கி வைத்திருக்கிறேன். இதை எழுதி முடித்ததும் ஏணியை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும்.